நஜ்ஜாஷி மன்னரின் நாடு: அறிந்ததும் அறியாததும்



ஒல்லியான பிள்ளையைக் கண்டால், "என்ன, எத்தியோப்பியாவிலிருந்து வந்தாயா?" என்று கேலி பேசும் வழக்கம் நம் ஊர்களில் நெடுநாளாக இருந்து வருகிறது. விருந்தில் இரண்டாம் முறை சோறு கேட்பவருக்கும் அந்தப் பட்டம் கிடைப்பதுண்டு. கேலி பேசுவோரில் எத்தனை பேர் உலக வரைபடத்தில் அந்நாட்டின் மீது சரியாக விரல் வைப்பார்களோ, அல்லாஹ்வே அறிவான். எலும்பும் தோலுமான ஒரு குழந்தை, அதன் கண்ணோரம் மொய்க்கும் ஈக்கள், பின்னால் வெடித்துக் கிடக்கும் நிலம். எத்தியோப்பியா என்றால் இவ்வளவுதான் என்று மனத்தில் பதிந்துவிட்டது.

அதே ஊரின் பள்ளிவாசலில் பயான் நடக்கும். ஆலிம் பெருந்தகை ஹபஷா நாட்டைப் பற்றிப் பேசுவார். மக்கத்துக் குறைஷியரின் கொடுமை பொறுக்காமல், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அனுமதியோடு, கி.பி. 615-ஆம் ஆண்டில் முஸ்லிம்களின் சிறு கூட்டம் ஒன்று செங்கடலைக் கடந்து அந்நாட்டில் அடைக்கலம் புகுந்த வரலாற்றை எடுத்துரைப்பார். உஸ்மான் (ரலி) அவர்களும், அவர்தம் துணைவியாரும் நாயகத் திருமகளாருமான ருகையா (ரலி) அவர்களும் அக்கூட்டத்தில் இருந்தனர். பின்னர் சென்று சேர்ந்த ஜஅஃபர் (ரலி) அவர்கள் மன்னரின் அவையில் மர்யம் அத்தியாயத்தை ஓதியதையும், கிறிஸ்தவரான நஜ்ஜாஷி மன்னரின் தாடி கண்ணீரால் நனைந்ததையும், அகதிகளை ஒப்படைக்கக் கோரி வந்த குறைஷித் தூதர்கள் கொண்டு வந்த பரிசுகளோடு திருப்பி அனுப்பப்பட்டதையும் நம் வீட்டுப் பிள்ளைகள்கூட அறிவார்கள்.

பயானில் வரும் ஹபஷாவும் கேலியில் வரும் எத்தியோப்பியாவும் ஒரே நாடுதான். அன்றைய அக்சும் அரசு பரவியிருந்த நிலத்தின் பெரும்பகுதி இன்று எத்தியோப்பியாவின் வடபகுதியாகவும், 1993-இல் பிரிந்து தனிநாடான எரித்திரியாவாகவும் உள்ளது. நம்மிடம் இருப்பவை இரண்டே படங்கள். ஒன்று 7-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மற்றொன்று 1984-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இடைப்பட்ட ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலமும், அதற்குப் பிந்திய நாற்பது ஆண்டுகளும் வெற்றுத்தாள். அந்த வெற்றுத்தாளில் எழுதியிருப்பதைச் சற்றே படித்துப் பார்ப்போம், வாருங்கள்.

உதகமண்டலத்தைவிட உயரம்

நீங்கள் தலைநகர் அடிஸ் அபாபாவில் போய் இறங்குவதாக வைத்துக் கொள்வோம். வறண்ட பாலைவனத்தை எதிர்பார்த்து மெல்லிய சட்டையோடு போனீர்களானால் விமான நிலைய வாசலிலேயே நடுங்கத் தொடங்குவீர்கள். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அந்நகரம். நம் உதகமண்டலம் 2,240 மீட்டர். மலைச்சரிவெங்கும் நிற்கும் தைல மரங்களைப் பார்த்தால் நீலகிரிக்கே வந்துவிட்டோமோ என்று தோன்றும். 1886-இல் உருவான நகரம் இது. வந்து குடியேறியவர்கள் சுற்றிலுமிருந்த காடுகளையெல்லாம் விறகுக்கு வெட்டித் தீர்த்தனர். தலைநகரையே வேறிடத்துக்கு மாற்றலாமா என்று மெனலிக் மன்னர் எண்ணும் நிலை வந்தது. விரைந்து வளரும் ஆஸ்திரேலியத் தைல மரத்தைக் கொண்டு வந்து நட்ட பிறகே அந்த எண்ணம் கைவிடப்பட்டது. அடிஸ் அபாபா என்றால் 'புதிய மலர்' என்று பொருள்.

நீரில்லாத நாடு என்பதும் சரியன்று. தானா ஏரியிலிருந்து புறப்படும் நீல நைல் இந்நாட்டின் ஆறு. எகிப்தை வளப்படுத்தும் நைல் நீரில் நூற்றுக்கு 85 பங்கு எத்தியோப்பிய மேட்டு நிலங்களில் பெய்யும் மழை. அந்த ஆற்றின் குறுக்கே 2011-இல் தொடங்கிய பேரணை 2025 செப்டம்பரில் திறந்து வைக்கப்பட்டது. கீழ்மடை நாடான எகிப்துக்கும் இதற்கும் அதனால் பிணக்கு. காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

வெயிலும் வறட்சியும் உண்மையிலேயே கொடியனவாக உள்ள இடமும் அங்கே உண்டு. வடகிழக்கில் தனக்கில் என்னும் பள்ளத்தாக்கு, கடல் மட்டத்துக்கும் 100 மீட்டருக்கு மேல் தாழ்ந்து கிடக்கிறது. அங்கே உப்புப் பாளங்களை வெட்டி ஒட்டகங்களில் ஏற்றிச் செல்வோர் அஃபார் மக்கள், அவர்கள் முஸ்லிம்கள். ஆனால் ஒரு பள்ளத்தாக்கை வைத்து நாடு முழுவதையும் எடைபோடுவது, இராமநாதபுரத்தின் கோடையை வைத்து நீலகிரியை எடைபோடுவது போன்றதாகும்.

அங்கே யாரேனும் "பேருந்து மூன்று மணிக்கு" என்று சொன்னால் மதியத்துக்குக் காத்திருந்து ஏமாந்துவிடாதீர்கள். அது நம் கணக்கில் காலை ஒன்பது. பகல் தொடங்கும்போதே அவர்களின் மணிக் கணக்கும் தொடங்குகிறது. நம் காலை ஏழு மணி அவர்களுக்கு ஒரு மணி. உதயத்திலிருந்து நாழிகை எண்ணிய நம் பாட்டன்மாருக்கு இது வியப்பாக இருந்திராது. ஆண்டுக்குப் பதின்மூன்று மாதங்கள்; பன்னிரண்டு மாதங்களுக்கு முப்பது முப்பது நாட்கள், எஞ்சிய ஐந்து அல்லது ஆறு நாட்கள் ஒரு குட்டி மாதம். நம் ஆங்கில ஆண்டுக் கணக்கிற்கு ஏழெட்டு ஆண்டுகள் பின்தங்கியது அவர்கள் கணக்கு. உலகம் 2000-ஆம் ஆண்டைக் கொண்டாடி முடித்து ஓய்ந்த பிறகு, 2007 செப்டம்பரில் அவர்கள் தங்கள் 2000-ஐ வரவேற்றார்கள்.

எழுத்தும் அவர்களுக்குச் சொந்தமானது. அரபு மொழிக்கு உறவுடைய மொழிகள் அங்கே பேசப்படுகின்றன. அரபியில் வீட்டுக்கு பைத் என்றால் அம்ஹாரிய மொழியில் பேத். கண்ணுக்கு இரண்டிலும் ஐன். தலைக்கு அரபியில் ரஃஸ், அம்ஹாரியத்தில் ராஸ். ஆனால் எழுதுவது இடமிருந்து வலமாக. க, கா, கி, கீ என்று நம் உயிர்மெய் விரிவதைப் போல் அவர்களின் ஒவ்வொரு மெய்யெழுத்தும் ஏழு உயிரொலிகளோடு சேர்ந்து ஏழு உருவம் கொள்கிறது. கி.பி. 4-ஆம் நூற்றாண்டிலேயே இம்முறை நிலைபெற்றுவிட்டது. எழுத்தறிவில்லாத இருண்ட கண்டம் என்று ஆப்பிரிக்காவைப் பற்றிப் பாடம் எழுதிய ஐரோப்பியர்கள் இந்தப் பக்கத்தை எப்படிப் புரட்டாமல் விட்டார்களோ!

ஒரே தட்டில்

பசியின் பெயரால் அறியப்பட்ட நாட்டில் விருந்தோம்பல் எப்படி இருக்கும் என்று கேட்கிறீர்களா? சகோதரிகள் இப்பகுதியைக் கவனமாகப் படிக்கலாம்.

டெஃப் என்பது கடுகைவிடச் சிறிய தானியம். அதன் மாவைக் கரைத்துச் சில நாட்கள் புளிக்க வைத்து, அகன்ற வட்டக் கல்லில் ஊற்றி எடுப்பது இஞ்சேரா. நம் தோசைக்கு அண்ணன் முறை என்று சொல்லலாம். புளிப்பு இன்னும் சற்றுத் தூக்கல், மேலெல்லாம் ஆப்பம் போன்ற கண்கள். ஒரு பெரிய தட்டு நிறைய அதை விரித்து, மேலே பருப்பு, கீரை, கடலை மாவுக் குழம்பு, இறைச்சி என்று வகை வகையாக ஊற்றி நடுவில் வைப்பார்கள். சுற்றி அமர்ந்து எல்லாரும் அதிலேயே உண்பார்கள். காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் சஹனைச் சுற்றி அமர்ந்து உண்டு பழகியவர்களுக்கு இது சொந்த வீட்டுச் சாப்பாடு போலத்தான் இருக்கும். மரியாதைக்குரிய விருந்தினராயின், வீட்டுக்காரர் தம் கையாலேயே ஒரு கவளம் சுருட்டி அவர் வாயில் ஊட்டிவிடுவார். இதற்கு குர்ஷா என்று பெயர். கூச்சப்பட்டு வாயை மூடிக்கொண்டால் மனம் புண்படும்.

பிறகு காப்பி. இவ்வுலகம் காலையில் எழுந்து குடிக்கும் அராபிக்கா காப்பிச் செடியின் பிறப்பிடம் அந்நாட்டின் தென்மேற்குக் காடுகளாகும். கஃபா என்னும் வட்டாரம் அங்குதான் இருக்கிறது. செங்கடலைத் தாண்டி யமன் நாட்டுக்கு அது சென்றது. 15-ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த ஸூஃபிகள் இரவு திக்ருக்கு விழித்திருக்க அதனைப் பருகினார்கள். ஹஜ்ஜுக்குச் சென்று திரும்பிய பாபா புதன் என்னும் இறைநேசர் யமனின் மோக்கா துறையிலிருந்து ஏழு கொட்டைகளைக் கொண்டு வந்து சிக்கமகளூர் மலையில் விதைத்தார் என்பது கன்னட நாட்டு மரபு. கும்பகோணத்து டிகிரி காப்பியின் பூர்வீகத்தைத் தேடிப் போனால் ஹபஷாவில் போய் நிற்கும்.

எத்தியோப்பிய வீட்டில் காப்பி என்பது ஐந்து நிமிட வேலை அன்று. வீட்டுப் பெண்மணி தரையில் புல் பரப்பி, சாம்பிராணி புகைத்து, பச்சைக் கொட்டையை விருந்தினரின் கண்ணெதிரே வறுத்து, இடித்து, கழுத்து நீண்ட மண்குடுவையில் காய்ச்சி ஊற்றுவார். ஒரே தூளில் மூன்று சுற்று. முதல் சுற்று அபோல், இரண்டாவது தோனா. மூன்றாவது சுற்றின் பெயரைக் கேளுங்கள்: பரக்கா. நம் பரக்கத்தேதான். முஸ்லிம் வீட்டில் மட்டும் வழங்கும் சொல் அன்று இது. கிறிஸ்தவ வீட்டிலும் பரக்கா குடிக்காமல் விருந்தினர் எழுந்திருப்பது முறையாகாது.

யாருடைய நாடு?

மேல்நாட்டு நூல்கள் எத்தியோப்பியாவை, முஸ்லிம் கடலின் நடுவே நின்ற கிறிஸ்தவத் தீவு என்று எழுதிப் பழகியவை. நம்மவர்களோ பிலால் (ரலி) அவர்களின் தாய்வழி நாடு, நஜ்ஜாஷி மன்னரின் நாடு என்று கேட்டுக் கேட்டு, அது முழுக்கவும் முஸ்லிம் நாடென்றே எண்ணிக்கொள்வதுண்டு. 2007-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி முஸ்லிம்கள் நூற்றுக்கு 34 பேர். பழைமையான ஆர்த்தடாக்ஸ் திருச்சபையினர் ஏறக்குறைய 44 பேர். புராட்டஸ்டண்டுகள் 19 பேருக்குச் சற்றுக் குறைவு. இன்றைய மக்கள் தொகை 12 கோடிக்கு மேல். மூன்றில் ஒருவர் முஸ்லிம் என்றால், அரபு நாடுகள் பலவற்றின் மொத்தக் குடிகளைக் காட்டிலும் அதிகமான முஸ்லிம்கள் அங்கே இருக்கிறார்கள் என்று பொருள்.

கிழக்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் தொலைவில் ஹரர் என்னும் கோட்டை நகரம் இருக்கிறது. மதில் சூழ்ந்த அச்சிறு பரப்பினுள் 82 பள்ளிவாசல்கள். அவற்றில் மூன்று 10-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. இறைநேசர்களின் அடக்கத்தலங்கள் 102. யுனெஸ்கோ 2006-இல் இந்நகரை உலக மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது. வெளியாருக்கு மூடிக் கிடந்த இந்நகருக்குள் 1855-இல் நுழைந்த ரிச்சர்டு பர்ட்டன் என்னும் ஆங்கிலேயர் அதைப் பற்றி எழுதிப் பேர் பெற்றார். இன்று அங்கே போகிறவர்கள் பெரும்பாலும் பார்த்துவிட்டு வருவது, இரவில் கோட்டை வாசலில் கழுதைப்புலிகளுக்கு இறைச்சி ஊட்டும் வேடிக்கையை மட்டுமே. ஆஷூரா நாளில் வெண்ணெய் இட்ட கஞ்சியைக் காய்ச்சி அவ்விலங்குகளுக்கு வைப்பது அவ்வூர் வழக்கம். வேடிக்கை இருக்கட்டும். அறிவுக்கும் ஓதலுக்கும் கூடைப் பின்னலுக்கும் பெயர் பெற்ற ஊர் அது என்பதை யாரேனும் எழுதினால் நன்று.

வடமத்தியில் உள்ள வோல்லோ பகுதிக்குச் சென்றால் இன்னொரு வியப்பு. ஒரே குடும்பத்தில் அண்ணன் முஸ்லிம், தம்பி கிறிஸ்தவர் என்பது அங்கே புதுமையன்று. எனினும் ஒருவர் அறுத்த இறைச்சியை மற்றவர் உண்பதில்லை. திருமண வீட்டில் இரு சாராருக்கும் தனித்தனியே அறுத்துத் தனித்தனியே சமைத்து வைப்பார்கள். கட்டுப்பாட்டை விட்டுக்கொடுக்காமலேயே உறவையும் விட்டுக்கொடுக்காத ஏற்பாடு இது. அப்பகுதியின் ஷைகுமார்கள் அம்ஹாரிய மொழியை அரபு எழுத்தில் எழுதி, மன்சுமா எனப்படும் நாயகப் புகழ்ப் பாக்களை இயற்றினார்கள். அரபுத் தமிழில் நம் முன்னோர் செய்த அதே காரியத்தை, நம்மைப் பற்றி ஏதும் அறியாமலேயே, செங்கடலுக்கு அப்பால் அவர்களும் செய்திருக்கிறார்கள்.

எல்லாம் தேனும் பாலுமாக ஓடியது என்று எழுதினால் அதுவும் பொய்ப்படமாகிவிடும். 1529-இல் தொடங்கி ஹரர் பக்கத்து இமாம் அஹ்மத் இப்னு இப்ராஹீம் நடத்திய போர்களில் பல தேவாலயங்கள் எரிந்தன. அவரை எதிர்க்கக் கிறிஸ்தவ மன்னருக்குத் துணையாக 1541-இல் 400 போர்த்துகீசிய வீரர்களோடு வந்தவன் யார் தெரியுமா? கிறிஸ்தோவா ட காமா. நம் கடற்கரை மரக்காயர்களின் வாணிகத்தை அழித்த வாஸ்கோ ட காமாவின் மகன்! அவன் மறு ஆண்டே பிடிபட்டுக் கொல்லப்பட்டான். இமாம் 1543-இல் போர்க்களத்தில் மாண்டார். பிறகு 1878-இல் நான்காம் யோஹன்னிஸ் மன்னர் வோல்லோ முஸ்லிம்களை ஞானஸ்நானம் பெறும்படி கட்டாயப்படுத்தினார். முஹம்மது அலி என்ற அப்பகுதித் தலைவர் மிக்கேல் ஆனார். அதே மிக்கேலின் குதிரைப்படை 1896-இல் அத்வா போரில் நாட்டைக் காக்க நின்றது. அவருடைய மகன் இயாசு அரியணை ஏறியும், இஸ்லாத்தின் பக்கம் சாய்கிறார் என்ற குற்றச்சாட்டின் பேரில் 1916-இல் இறக்கப்பட்டார். இந்த ஒரு குடும்பத்தின் கதையை அறிந்தவர் 'கிறிஸ்தவத் தீவு' என்று எழுத மாட்டார்.

அத்வா என்றேன் அல்லவா? 1889-இல் இத்தாலியர் மெனலிக் மன்னரோடு ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். வெளிநாடுகளோடு பேச விரும்பினால் இத்தாலியின் உதவியை நாடலாம் என்றது அம்ஹாரிய மொழிப் படி. இத்தாலிய மொழிப் படியோ, அதன் வழியாகவே பேசியாக வேண்டும் என்று பொருள்படும்படி எழுதப்பட்டிருந்தது. ஒரு வினைச்சொல்லை மாற்றி எழுதி ஒரு நாட்டையே விழுங்கப் பார்த்தார்கள். அதற்கான விடை 1896 மார்ச் 1 அன்று அத்வா மலைகளில் கிடைத்தது. ஐரோப்பியப் படை ஒன்றை ஆப்பிரிக்கப் படை முற்றாக முறியடித்த அந்த நாள், அடிமைப்பட்டுக் கிடந்த நாடுகளுக்கெல்லாம் நம்பிக்கையூட்டியது. முசோலினி 1935-இல் மீண்டும் வந்தான். அக்சும் நகரின் 24 மீட்டர் உயரக் கல்தூணை உரோமாபுரிக்குத் தூக்கிச் சென்றான். நாடு 1941-இல் மீண்டது. கல் திரும்பி வந்தது 2005-இல்தான்.

நம் இந்தியாவுக்கும் ஹபஷாவுக்கும் உள்ள தொடர்பில் ஒரு பெயரை மட்டும் குறிப்பிடுகிறேன். 16-ஆம் நூற்றாண்டில் எத்தியோப்பியாவில் பிறந்து, சிறுவயதில் அடிமையாக விற்கப்பட்டு, கைமாறிக் கைமாறித் தக்காணத்துக்கு வந்தவர் மாலிக் அம்பர். விற்றவர்களும் வாங்கியவர்களும் பெரும்பாலும் கலிமா சொன்னவர்களே என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அந்த அடிமைதான் அஹ்மத்நகர் அரசின் ஆட்சிப் பொறுப்பை ஏற்று, மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் படைகளை வாழ்நாள் முழுதும் தடுத்து நிறுத்தினார். 1610-இல் அவர் அமைத்த கட்கி நகரமே பின்னாளில் ஔரங்காபாத் ஆயிற்று. 2023 முதல் சத்ரபதி சம்பாஜிநகர் என்று வழங்குகிறது.

அந்த ஒரு படம்

இனி அந்தக் குழந்தையின் படத்துக்கு வருவோம்.

1984 அக்டோபர் 23 அன்று பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் வடக்கு எத்தியோப்பியாவின் கோரம் என்னும் ஊரிலிருந்து ஒரு செய்திப்படம் ஒளிபரப்பானது. விடியற்காலைக் குளிரில், உணவுக்காகக் காத்திருந்த ஆயிரக்கணக்கான மக்கள், போர்த்திய துணிகளோடு செத்துக் கொண்டிருந்தார்கள். உலகம் அதிர்ந்தது. அப்படத்தை எடுத்தவர் முஹம்மது அமீன். 1943-இல் நைரோபியில் பிறந்த, பஞ்சாபி வழிவந்த முஸ்லிம். ஹஜ் பயணத்தைப் படங்களாகப் பதிவு செய்து நூலாக்கியவரும் அவரே. 1991-இல் அடிஸ் அபாபாவின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்தபோது ஒரு கையை இழந்தார். செயற்கைக் கையோடு மீண்டும் படம் பிடித்தார். 1996 நவம்பர் 23-இல் கடத்தப்பட்ட எத்தியோப்பிய விமானம் ஒன்று எரிபொருள் தீர்ந்து கொமொரோ தீவின் கரையோரக் கடலில் விழுந்தபோது அதில் மாண்டோரில் அவரும் ஒருவர். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

அவர் எடுத்த படம் உண்மை. அப்படத்தால் திரண்ட உதவி பல உயிர்களைக் காத்ததும் உண்மை. ஆனால் படத்தின் சட்டத்துக்கு வெளியே இருந்ததை உலகம் பார்க்கவில்லை. மழை பொய்த்தது, அதோடு உள்நாட்டுப் போரும் நடந்தது. மெங்கிஸ்துவின் இராணுவ ஆட்சி, எதிர்ப்புக் காட்டிய திக்ரே, எரித்திரியா பகுதிகளுக்கு உணவு போகும் வழிகளை அடைத்தது; சந்தைகள் மீது குண்டு வீசியது. மக்கள் மடிந்துகொண்டிருந்த அதே 1984 செப்டம்பரில் தலைநகரில் புரட்சியின் பத்தாமாண்டு விழா பெரும் பொருட்செலவில் நடந்தது. மாண்டவர்கள் 4 இலட்சத்திலிருந்து 10 இலட்சம் வரை என்று கணக்கிடுகிறார்கள். அப்போதும் நாட்டின் தெற்கிலும் மேற்கிலும் வயல்கள் விளைந்தே கிடந்தன. இங்கிலாந்தின் பாடகர்கள் சேர்ந்து நிதிக்காக ஒரு பாட்டுப் பாடினார்கள். இது கிறிஸ்துமஸ் என்று அவர்களுக்குத் தெரியுமா என்று கேட்பதே அதன் தலைப்பு. இங்கிலாந்துக்குப் பாதிரிமார் போய்ச் சேருமுன்பே, 4-ஆம் நூற்றாண்டில், கிறிஸ்துவத்தை ஏற்ற அரசு அது! ஆண்டுதோறும் ஜனவரி 7-இல் அத்திருநாளைக் கொண்டாடுகிறது. பாடியவர்களின் நல்ல உள்ளத்தில் ஐயமில்லை, கேட்டறிந்து பாடியிருக்கலாம்.

அதற்கு முன் 1973-இல் வோல்லோவில் ஏற்பட்ட பஞ்சத்தை ஹைலே செலாசி மன்னரின் அரசு மூடி மறைத்தது. பிரிட்டிஷ் நிருபர் ஒருவர் அதைப் படமெடுத்து வெளியிட்டார். மறு ஆண்டு செப்டம்பரில், மன்னரைப் பதவியிலிருந்து இறக்கியதற்கு முந்தைய இரவு, அப்படத்தை அரண்மனை விருந்துக் காட்சிகளோடு மாற்றி மாற்றித் தொலைக்காட்சியில் காட்டினார்கள் இராணுவத்தினர். நம் நாட்டு அறிஞர் அமர்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் இந்தப் பஞ்சத்தை ஆராய்ந்திருக்கிறார். நாட்டின் மொத்த விளைச்சல் பெரிதாகக் குறையவில்லை. வோல்லோ மக்களிடம் வாங்கப் பணம் இல்லாததால் அங்கிருந்த தானியமும் பணமுள்ள ஊர்களுக்கு வெளியேறியது என்று காட்டினார்.

இதைப் படிக்கும் தமிழர்களுக்கு ஏதேனும் நினைவுக்கு வருகிறதா? 1876 முதல் 1878 வரை நம் மண்ணை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தில் தென்னாட்டில் 50 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அப்போதும் சென்னைத் துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறிக் கொண்டிருந்தது. ஹூப்பர் என்ற ஆங்கிலேய இராணுவ அதிகாரி, எலும்புக்கூடுகளாக இருந்த நம் மக்களை வரிசையாக உட்கார வைத்துப் படம் பிடித்தார். அப்படங்கள் இன்றும் இருக்கின்றன. அவற்றைப் பார்த்த இலண்டன்காரருக்கு மதராஸ் என்றால் அந்த விலா எலும்புகள்தாம். சங்கத் தமிழும் தஞ்சைக் கோபுரமும் நாகூர் மினாராவும் அப்படத்தின் சட்டத்துக்கு வெளியே நின்றன. மெலிந்த பிள்ளையை எத்தியோப்பியன் என்று அழைப்பவர், தம் பாட்டனின் பாட்டனையும் சேர்த்தே அழைக்கிறார்.

பஞ்சத்தை உண்டாக்குவது வானமா, மனிதரா என்பதற்கு அந்நாடே பின்னர் இரண்டு சான்றுகளைத் தந்தது. 2015-16-இல் பல பத்தாண்டுகளில் காணாத வறட்சி வந்தது. ஒரு கோடிக்கு மேற்பட்டோருக்கு உணவு உதவி தேவைப்பட்டது. அப்போது போர் இல்லை, அரசும் இயங்கியது, 1984 திரும்பவில்லை. 2020 நவம்பரில் திக்ரே பகுதியில் போர் மூண்டது. சாலைகள் அடைக்கப்பட்டன; தொலைபேசியும் இணையமும் மின்சாரமும் துண்டிக்கப்பட்டன. பசியும் கூடவே வந்தது. இலட்சக்கணக்கானோர் மாண்டனர் என்பது மதிப்பீடு. இம்முறை கோரத்துக்குப் போன அமீனைப் போல் ஒருவர் உள்ளே செல்ல வழியில்லாதிருந்தது. படமில்லாததால் உலகம் அதிரவும் இல்லை.

நெகாஷ்

அந்தப் போரில் அடிபட்ட ஊர்களில் ஒன்றின் பெயரைச் சொன்னால் நீங்கள் நிமிர்ந்து உட்காருவீர்கள்.

திக்ரேயின் தலைநகர் மெக்கல்லேயிலிருந்து அடிக்ராத் செல்லும் வடக்குச் சாலையில், உக்ரோ என்ற ஊரைத் தாண்டியதும் ஒரு குன்றின் மேல் இருக்கிறது நெகாஷ். நஜ்ஜாஷி என்ற பெயரின் திரிபே அது. நஜ்ஜாஷி மன்னரும், ஹிஜ்ரத் சென்று அங்கேயே மறைந்த ஸஹாபாக்கள் பதினைவரும் அங்கே அடங்கியிருப்பதாக எத்தியோப்பிய முஸ்லிம்களின் மரபு. அப்பள்ளிவாசலைத் துருக்கி அரசு நிறுவனம் ஒன்று போருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் புதுப்பித்துக் கொடுத்திருந்தது. மன்னர் மறைந்த செய்தி மதீனாவை எட்டியபோது நாயகம் (ஸல்) அவர்கள் தோழர்களை அணிவகுக்கச் செய்து, கண்காணாத அந்த மய்யித்துக்காகத் தொழுவித்தார்கள். காயிப் ஜனாஸா என்று நாம் கூறும் தொழுகைக்கு ஆதாரமாக ஆலிம்கள் எடுத்துக்காட்டுவது அந்நிகழ்ச்சியையே.

2020 நவம்பர் இறுதியில் அங்கே குண்டுகள் விழுந்தன. பள்ளிவாசலின் மினாராவும் குவிமாடமும் சேதமுற்றன, அடக்கத்தலமும் சிதைந்தது, உள்ளே இருந்த பொருள்கள் கொள்ளை போயின. தொலைபேசி இல்லாத காரணத்தால் செய்தி வெளியுலகுக்கு வந்து சேரவே பல வாரங்களாயின. வந்த பிறகும் நாளேடுகளின் உட்பக்கத்தில் சில வரிகளோடு நின்றுவிட்டது. அதே ஊரில் பள்ளிவாசலுக்கு அருகிலிருந்த தேவாலயமும் சேதமடைந்திருந்தது. இரண்டையும் சீர்செய்து தருவதாக அரசு 2021 ஜனவரியில் அறிவித்தது. 2022 நவம்பர் 2-ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியா நகரில் கையெழுத்தான உடன்படிக்கையோடு அந்தப் போர் ஓய்ந்தது.

நெகாஷுக்கு மக்கள் திரளாகக் கூடும் நாள், ஆண்டுதோறும் முஹர்ரம் பத்து. திக்ரேயிலிருந்து மட்டுமன்றி நாட்டின் பல திசைகளிலிருந்தும் குடும்பம் குடும்பமாக வந்து சேர்வது அவர்களின் நெடுநாள் வழக்கம்.